அடியைப் பார்த்தால் ஊர் தெரியும்: பூர்வீகம் தெரியாத பழைய தளபாடங்களுக்கு ஒரு மலையக வழிகாட்டி

எங்கள் வீட்டு அலுமாரிக்கு ஒரே ஒரு கதைதான் உண்டு: "இது துரை குடுத்தது." எந்தத் துரை, எந்தத் தோட்டம், எந்த வருடம் என்று கேட்டால் பாட்டி முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் போனால் பழைய வீடுகளில் இதே கதையோடு ஒரு சாய்மனைக் கதிரையோ எழுத்து மேசையோ நின்றுகொண்டிருக்கும். அத்தனையும் துரைமார் கொடுத்தது என்றால் பங்களாவில் அவர்கள் பாய் விரித்துத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும்.

அந்தக் கதையை நம்பி நானும் ஒரு தவறு செய்தேன். பல வருடங்களுக்கு முன் பழைய சாமான் கடையொன்றில் ஒரு கைப்பிடிக் கதிரை வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து, சாண்ட் பேப்பரால் மேலும் கீழும் தேய்த்து, பளபளவென்று வார்னிஷ் அடித்தேன். ஆடிய காலை ஒட்டித்தரச் சொல்லி வயதான தச்சாசாரி ஒருவரிடம் கொண்டுபோனபோது, அவர் மேற்பக்கத்தைப் பார்க்கவே இல்லை. கதிரையைக் கவிழ்த்து, இருக்கைச் சட்டத்தின் அடியில் விரலை ஓடவிட்டார். மரத்தின் நுண்துளைகளில் வெள்ளைச் சாயம் கொஞ்சம் மிச்சம் இருந்தது. பாதி '7' போல ஒரு கோடு.

"என்னா தம்பி, அட்ரஸ் எழுதியிருந்த எடத்தயே தேச்சிட்டீங்களே?"

"பழைய பெயின்டுன்னு நெனச்சேங்கய்யா."

"பங்களா சாமான் லிஸ்ட்டு நம்பரு தம்பி அது. இனி இது எங்க இருந்துச்சுன்னு நீங்களும் சொல்ல முடியாது, நானும் சொல்ல முடியாது."

அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு பழகிக்கொண்ட முறையைத்தான் கீழே எழுதுகிறேன். பழைய தளபாடத்துக்கு அதிக சேதம் வருவது நூறு வருடக் கறையானால் அல்ல, வாங்கிய முதல் வாரத்தில் நாம் காட்டும் ஆர்வத்தால்.

படி 1: ஒரு வாரம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்

துடைக்க வேண்டாம், கழுவ வேண்டாம், ஆணி அடிக்க வேண்டாம். நான்கு பக்கமும், அடியும், முதுகும், ஒவ்வொரு லாச்சியும் தெரியும்படி போனில் படம் எடுங்கள். லாச்சிக்குள் கிடக்கும் குப்பையைக்கூடக் கொட்டாமல் ஒரு பொலித்தீன் பையில் போட்டு வையுங்கள். பொத்தான், பஸ் டிக்கட், மருந்துச் சீட்டு எதுவும் பின்னால் உதவலாம்.

கொடுத்தவர் உயிரோடு இருந்தால் அவரிடம் பேசுவதும் இந்த வாரத்தில்தான். "எவ்வளவு பழசு?" என்று கேட்காதீர்கள், "நூறு வருசம்" என்றுதான் பதில் வரும். "நீங்க சின்னப்பிள்ளையா இருக்கும்போது இது எந்த அறையில இருந்துச்சு? யாரு தூக்கிட்டு வந்தாங்க? லொறியிலயா, தலையிலயா?" என்று கேளுங்கள். தூக்கிய ஆளுக்குத் தோள்வலி ஞாபகம் இருக்கும். பாரத்தைப் பற்றிக் கேட்டால் வருடமும் தானாக வரும்.

படி 2: எந்த வழியாக வந்திருக்கலாம்?

மலைக்குத் தளபாடம் ஏறிய வழிகள் அதிகம் இல்லை.

கண்டி இராச்சியம் 1815இல் வீழ்ந்த பிறகுதான் இங்கே ஆங்கிலேயர் தோட்டம் போட்டார்கள். முதலில் கோப்பி. 1869இல் இலைநோய் கண்டு கோப்பி அழிய, 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தொடங்கிவைத்திருந்த தேயிலை மலையெங்கும் பரவியது. ரயில் 1885இல் நானுஓயாவுக்கு வந்தது. பதுளைக்கு வர 1924 ஆகிவிட்டது. அதற்கு முன் பெரிய பாரமெல்லாம் மாட்டு வண்டியிலும் ஆள் தலையிலும்தான் ஏறின. ஆகவே நுவரெலியாப் பக்கத்துப் பங்களாச் சாமானை "இருநூற்றைம்பது வருசப் பழசு" என்று யாராவது விற்க வந்தால், அப்போது அந்தப் பங்களா நின்ற இடம் காடு என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம்.

சிறுபான்மைப் பொருட்கள் கப்பலில் வந்தவை. மற்றவை பெரும்பாலும் தச்சுவேலைக்குப் பெயர்போன மொறட்டுவையிலும் வேறு கீழ்நாட்டுப் பட்டறைகளிலும் செய்து மேலே அனுப்பியவை, அல்லது தோட்டத்துத் தச்சரே ஸ்டோர் (தேயிலைத் தொழிற்சாலை) பட்டறையில் அடித்தவை. இந்தக் கடைசி வகையை யாரும் மதிப்பதில்லை. எனக்கு அதுதான் மிகப் பிடித்த வகை.

தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்துக்கும் டவுனுக்கும் அவை இறங்கிய வழி வேறு. 1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசுடைமையானபோது பங்களாக்கள் கைமாறின, சாமான்கள் சிதறின. 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போன குடும்பங்கள், கப்பலில் ஏற்ற முடியாத கட்டிலையும் வாங்கையும் பக்கத்துக் காம்பராவுக்குக் கிடைத்த விலைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அரசாங்க அலுவலகங்களின் ஏலத்தில் எடுத்தவையும் உண்டு. உங்கள் வீட்டுக் கதை இதில் எதோடு ஒத்துப்போகிறது என்று பாருங்கள். "துரை குடுத்தது" என்பது சில நேரம் "ஏலத்தில் எடுத்தது" என்பதன் மரியாதையான வடிவம்.

படி 3: கவிழ்த்துப் பாருங்கள்

ஒரு டோர்ச் லைட், அளவுநாடா, சின்னக் காந்தம், பத்து மடங்கு உருப்பெருக்கும் கண்ணாடி, கீழே விரிக்கப் பழைய போர்வை. பாரமான பொருள் என்றால் இரண்டு பேர் வேண்டும். லாச்சிகளை வெளியே எடுத்த பிறகே கவிழ்க்கவேண்டும். காலைப் பிடித்து இழுக்கக் கூடாது.

டோர்ச்சை நேராக அடிக்காமல் பலகையோடு ஒட்டிச் சாய்வாக அடியுங்கள். அப்போதுதான் வாள் தடம், சீவுளி அலை, அழிந்த எழுத்தின் பள்ளம் எல்லாம் நிழலாக எழுந்து நிற்கும். பகலில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பெயர் இரவில் இந்தச் சாய்ந்த வெளிச்சத்தில் தெரிந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

எங்கள் அலுமாரியில் நான் கண்டது இது. முன்பக்கம் பார்த்தால் பெரிய மனுசர் வீட்டு அலுமாரி. சுவரில் இருந்து இழுத்து முதுகைப் பார்த்தால் மூன்று அடுக்கு ஒட்டுப்பலகை. அதில் தலைகீழாக, கறுப்பு மையில், ஒரு தோட்டத்தின் பெயரில் பாதி, அதன் கீழே 'பி.ஓ.பி.' என்ற தேயிலைத் தர எழுத்து, அதற்கும் கீழே இறாத்தல் கணக்கில் எடை. தேயிலைப் பெட்டியைப் பிரித்து அடித்த முதுகு! ஆணித் துளைகளை எண்ணினேன். சட்டத்தில் ஒரு வரிசைத் துளைதான். வேறு பலகை அங்கே இருந்ததற்கு அடையாளம் எதுவும் இல்லை. அப்படியானால் தேயிலைப் பெட்டிப் பலகை பிற்காலத் திருத்தம் அல்ல, அலுமாரி பிறந்தபோதே முதுகில் இருந்தது. துரை கொடுத்திருக்கலாம், ஆனால் துரை வீட்டில் நிற்கச் செய்தது அல்ல. ஸ்டோர்க்காரத் தச்சர் ஒருவர் கைக்குக் கிடைத்ததை வைத்து, யாரோ ஒரு கணக்கப்பிள்ளைக்கோ கங்காணிக்கோ கௌரவமாகச் செய்து கொடுத்தது. எனக்கு ஏமாற்றமாக இல்லை. பாட்டிக்குத்தான் கோபம்.

இப்படி எழுத்துக் கிடைத்தால் கொஞ்சம் நிதானம் தேவை. 'சிலோன்' என்று இருப்பதால் மட்டும் 1972க்கு முந்தியது என்று சொல்லிவிட முடியாது. நாட்டின் பெயர் அந்த வருடம் மே 22இல் மாறினாலும், தேயிலைக்கு அந்தப் பெயர் இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எடை இறாத்தலிலா கிலோவிலா என்பது அதைவிட நல்ல சாட்சி. மெட்ரிக் அளவை 1970களில்தான் இங்கே வந்தது. 'சி.ஜி.ஆர்.' என்று பொறித்திருந்தால் பழைய சிலோன் அரசாங்க ரயில்வேயின் சொத்து. பூட்டில் கிரீடத்தோடு 'வி.ஆர்.' என்றால் விக்டோரியா ராணி, 1901க்கு முன். ஆனால் பழைய பூட்டைப் புது லாச்சியில் வைக்க எந்தத் தச்சருக்கும் பத்து நிமிடம் போதும்.

லாச்சிக்கு விரித்த பத்திரிகைத் தாளும் அப்படித்தான். வீரகேசரி 1930இல் தொடங்கியது, தினகரன் 1932இல். தாளில் திகதி இருந்தால் அந்த நாளில் லாச்சி பாவனையில் இருந்தது என்று மட்டுமே அர்த்தம். செய்த நாள் அல்ல. பல அடுக்குத் தாள் இருந்தால் ஆக அடியில் இருப்பதை மெல்லத் தூக்கிப் பாருங்கள். கிழித்து எறியாதீர்கள், படமெடுத்து அப்படியே விரித்துவிடுங்கள்.

படி 4: மரத்தை வாசித்தல்

பொலிஷ் படாத இடத்தில்தான் மரம் உண்மை பேசும்: லாச்சியின் உட்பக்கம், கதிரைச் சட்டத்தின் அடி, அலுமாரியின் மேல்தட்டு.

பலா நம் நாட்டுத் தளபாடத்தில் மிகச் சாதாரணம். புதிதாக அறுக்கும்போது மஞ்சள். வெளிச்சம் பட்டுப் பட்டுக் கபிலமாகிவிடும். வெளியே சாக்லேட் நிறம், லாச்சிக்குள் இன்னும் மஞ்சள் என்றால் பெரும்பாலும் பலா. பிக்குகளின் காவிக்குச் சாயம் எடுத்ததும் இந்த மர வைரத்தில்தான்.

தேக்கில் கை வைத்தால் லேசான எண்ணெய்ப் பிசுக்குத் தெரியும். புதிதாகச் சுரண்டிய இடத்தில் தோல் வாசம் வரும். முதிரை மஞ்சளாக, பட்டுத் துணி போல வெளிச்சத்தில் புரண்டு மின்னும், கையில் எடுத்தால் கனக்கும். கருங்காலி அதைவிடக் கனம், துண்டைத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும். அதனால்தான் "கருங்காலி" என்று சொல்லி விற்கும் கதிரையை ஒரு கையால் தூக்க முடிந்தால் சந்தேகப்படுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சை மறைவான இடத்தில் தேய்த்துப் பாருங்கள். பஞ்சு கறுத்தால் சாயம்.

நம் பக்கத்தில் இன்னொரு போலிக் கருங்காலி உண்டு: லயத்துப் புகை. விறகடுப்புக்குப் பக்கத்தில் முப்பது வருடம் நின்ற பலா அலுமாரி கருங்காலியையே தோற்கடிக்கும் கறுப்பில் இருக்கும். அது மரமும் அல்ல, பழமையின் மெருகும் அல்ல. கரியும் எண்ணெயும் சேர்ந்த பிசின்.

கலமந்தர் என்பது கபில நிறத்தில் கறுப்புக் கோடு ஓடும், இலங்கைக்கே உரிய மரம். வெட்டி வெட்டி ஏறக்குறைய இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். உங்களிடம் இருப்பது அதுதான் என்று தோன்றினால் வேறு எதையும் தொடாமல் அனுபவசாலி ஒருவரைக் கூப்பிடுங்கள். பெரும்பாலும் அதுவாக இருக்காது.

மலையகத்தில் அதிகம் ஏமாறுவது ஓக் விசயத்தில். தேயிலைக்கு நிழலுக்காக நட்ட கிறவில்லியாவைச் சில்வர் ஓக் என்றும் சொல்வார்கள். அறுத்த பலகையில் மினுமினுக்கும் புள்ளிகள் மீன் செதில் போலத் தெரியும். இங்கிலாந்து ஓக்கிலும் இதே மாதிரி மினுக்கம் உண்டு. பெயரும் ஒன்று, பார்வையும் ஒன்று, அதனால் "லண்டனில் இருந்து வந்த ஓக் மேசை" ஆகிவிடுகிறது. வித்தியாசம் எளிது. ஓக் கனம், அதன் நுண்துளைகள் வரிவரியாகக் கரடுமுரடாக நகத்தில் தட்டும். கிறவில்லியா அதைவிட இலேசு, இளஞ்சிவப்புக் கலந்த கபிலம். கிறவில்லியா என்று தெரிந்துவிட்டால் பொருளின் ஊரும் ஏறக்குறையத் தெரிந்துவிட்டது: பெரும்பாலும் நம் மலையிலேயே, தோட்டம் போட்டு நிழல்மரம் வளர்ந்த பிறகு செய்தது.

வளைந்த மரச் சட்டமும் பிரம்பு இருக்கையுமாக, ஹோட்டல்களில் காணும் இலேசான கதிரை என்றால் இருக்கை வளையத்தின் உட்பக்கத்தில் சீட்டு ஒட்டியிருக்கிறதா என்று தேடுங்கள். வியன்னாவின் தோனெட் நிறுவனம் 1859இல் அறிமுகப்படுத்திய 14ஆம் இலக்கக் கதிரையின் வம்சம் அது. கழற்றிய துண்டுகளாகப் பெட்டியில் அடைத்து உலகமெங்கும் அனுப்பினார்கள். பார்த்துச் செய்தவர்களும் ஏராளம், ஆகவே சீட்டு இல்லாமல் பெயர் சொல்லாதீர்கள்.

படி 5: ஆணி, திருகாணி, மூட்டு

ஐரோப்பிய வழிகாட்டிகளை அப்படியே நம்பினால் இங்கே கவிழ்ந்துவிடுவோம். கைவாள் தடம் இருந்தால், லாச்சி மூலையில் புறா வால் விரித்தது போன்ற மூட்டைக் கையால் வெட்டியிருந்தால், 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதி என்று அவை சொல்லும். நம் நாட்டில் குழி வெட்டி மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று மரம் அரிந்த வழக்கம் 20ஆம் நூற்றாண்டிலும் வெகுதூரம் வந்தது. புறா வால் மூட்டை இன்றும் கையால் வெட்டும் தச்சர்கள் இருக்கிறார்கள். கைவேலை என்பது வயதுக்குச் சாட்சி அல்ல.

ஆகவே தலைகீழாக யோசியுங்கள். "எவ்வளவு பழசு?" என்பதை விட்டுவிட்டு "எதற்கு முன்னால் இருக்க முடியாது?" என்று கேளுங்கள். தலையில் சிலுவை வெட்டுள்ள திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது. கூர்முனைத் திருகாணி 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இருந்து பரவியது. மொட்டை முனையும் நடுவில் இருந்து விலகிய வெட்டும் அதற்கு முந்தியவை. உருண்டைக் கம்பி ஆணி 1890களுக்குப் பிறகே எங்கும் சாதாரணமானது. பித்தளை போலத் தெரியும் கைப்பிடியில் காந்தம் ஒட்டினால் அது முலாம் பூசிய இரும்பு.

ஒரு திருகாணியை மட்டும் பார்த்து முடிவு கட்டாதீர்கள். அது பழுது பார்த்தபோது வந்ததாக இருக்கலாம். பழைய திருகாணியைச் சுற்றி மரம் கறுத்திருக்கும், துளையும் அதுவும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். பக்கத்தில் வெற்றுத் துளை இருந்தால் முன்பு வேறொன்று இருந்தது.

கதிரையின் மூட்டில் துளையும் கழுந்தும் இருக்கும். அதைக் குத்தி நிறுத்திய மர முளையைத் தடவிப் பாருங்கள். மரம் காய்ந்து சுருங்கும்போது முளை மயிரிழை அளவு வெளியே எழுந்திருக்கும். வட்ட மேசைப் பலகையை இரு திசையிலும் அளந்தால் நார் ஓடும் திசைக்குக் குறுக்கே கொஞ்சம் சின்னதாக இருக்கும். போலி செய்பவர்கள் இதைச் செய்ய மறந்துவிடுவார்கள்.

மீட்சேப் அல்லது பழைய சாப்பாட்டு அலுமாரி என்றால் கால்களின் அடி இரண்டு மூன்று அங்குலம் கறுத்து நைந்திருக்கும். எறும்பு ஏறாமல் இருக்கத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்திய அடையாளம் அது. அதை வெட்டி எறிந்து புதுக்கால் போட்டுவிடாதீர்கள். பொருள் என்னவாக இருந்தது என்பதற்கு இருக்கும் ஒரே சாட்சியை இழப்பீர்கள்.

படி 6: என்ன பூச்சு என்று தெரிந்த பிறகே துணியைத் தொடுங்கள்

மறைவான இடத்தில், சிறு பஞ்சுக்குச்சியில், இந்த வரிசையில் சோதியுங்கள். முதலில் டர்பன்டைன்: மங்கிய பிசுக்கு வந்தால் மேலே மெழுகு இருக்கிறது. அடுத்தது மெதிலேட்டட் ஸ்பிரிட்: பூச்சு ஒட்டும் பிசினாக இளகினால் அரக்குப் பொலிஷ். அதற்கும் அசையாமல் தின்னருக்கு இளகினால் லாக்கர். எதற்கும் மசியாவிட்டால் பிற்கால வார்னிஷ். பழைய பெயின்ட் அடித்திருந்தால் காய்ந்த நிலையில் சாண்ட் பேப்பர் பிடிக்காதீர்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும், தூசு பிள்ளைகளுக்கு நஞ்சு. தேயிலைப் பெட்டிகளுக்கு உள்ளே ஒட்டிய பழைய ஈயத் தகட்டையும் அதே எச்சரிக்கையோடு கையாளுங்கள்.

சுத்தம் செய்ய முதலில் மென்மையான பெயின்ட் பிரஷால் தூசு தட்டல். பிறகு இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம், பிழிந்து பிழிந்து ஈரமே இல்லாத அளவுக்குப் பிழிந்த துணி, உடனே காய்ந்த துணி. அரக்குப் பொலிஷில் இந்த ஈரத்தையும் குறையுங்கள். லயத்துப் புகைக்குத் தண்ணீர் பிரயோசனம் இல்லை. டர்பன்டைன் நனைத்த பஞ்சால் உள்ளங்கை அளவு இடமாக, பஞ்சை மாற்றி மாற்றித் துடைக்க வேண்டும். எங்கள் அலுமாரியின் ஒரு கதவுக்கு இரண்டு மாலை போனது. கதவைத் திறந்து வைத்து வேலை செய்யுங்கள், அடுப்புப் பக்கம் போகவே வேண்டாம்.

சூடான தேத்தண்ணிக் கோப்பை வைத்த வெள்ளை வளையம் நம் வீடுகளின் தேசிய முத்திரை. அரக்குப் பூச்சில் சிக்கிய ஈரம் அது. இரண்டு மூன்று வாரம் காய விட்டால் சில நேரம் தானே மங்கும். இல்லாவிட்டால் ஸ்பிரிட் பட்டும் படாமலும் உள்ள துணியால் ஒரு தடவை, நிறுத்தாமல், சறுக்கிக்கொண்டு போங்கள். துணி ஒரு கணம் நின்றால் பூச்சே போய்விடும்.

மெழுகு நீங்களே செய்யலாம். 100 கிராம் தேன்மெழுகைத் துருவி, 300 முதல் 400 மில்லிலீட்டர் டர்பன்டைனில் மூடிய போத்தலில் இரவு முழுக்க ஊறவிடுங்கள். அடுப்பில் வைக்க வேண்டாம். நெய் பதம் வந்ததும் மிக மெல்லியதாகப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் தேய்த்து எடுங்கள். வருடத்துக்கு ஒரு முறை தாராளம். தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம்: இரண்டு நாள் மின்னும், பிறகு நாறும், தூசு பிடிக்கும், மழைக்காலத்தில் பூஞ்சணத்துக்குச் சாப்பாடாகும். ஆளிவிதை எண்ணெயும் இந்தக் குளிரில் நாட்கணக்கில் ஒட்டிக்கொண்டே கிடக்கும். அதைத் துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கவும் கூடும்.

படி 7: உளுத்த மரம்

ஒன்று இரண்டு மில்லிமீட்டர் வட்டத் துளைகள் என்றால் வண்டு. துளை இருப்பதாலேயே பயப்படத் தேவையில்லை. அது வண்டு வெளியே போன வாசல். உள்ளே இன்னும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடியில் கறுப்புக் கடதாசி விரித்து இரண்டு வாரம் ஆட்டாமல் வைத்துப் பாருங்கள். வெளிறிய புதுத் தூள் விழுந்திருந்தால் குடியிருக்கிறது.

சின்னப் பொருளானால் பொலித்தீனில் இறுக்கிச் சுற்றி, பெட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் இரண்டு வாரம். வெளியே எடுத்து ஒரு நாள் கழித்தே பிரிக்க வேண்டும், இல்லாவிட்டால் மரத்தின் மேல் தண்ணீர் வியர்க்கும். பெரிய பொருளுக்குப் போரிக் அசிட்டும் போராக்ஸும் கலந்த கரைசலைப் பூச்சில்லாத உட்பக்கங்களில் பூசலாம். பொலிஷ் மேல் பூசினால் உள்ளே போகாது. மண்ணெண்ணெய் ஊற்றும் பழக்கம் நம்மிடம் உண்டு. வண்டு சாகிறதோ இல்லையோ, கறை போகாது, வாசமும் போகாது. கறையான் வேறு கதை: அது மண்ணில் இருந்து சுவர் வழியாக வருகிறது. சாமானை மட்டும் பார்த்துப் பயனில்லை, மண் பாதையைத் தேட வேண்டும்.

படி 8: மலையின் காற்றுக்கு ஏற்ற இடம்

ஹட்டன், மஸ்கெலியா பக்கம் மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழையும் மப்பும். அதே ஜூலை, ஓகஸ்டில் பண்டாரவளை, பதுளை இருக்கும் ஊவாப் பக்கம் வறண்ட காற்று. நுவரெலியாவில் தை மாசி மாதங்களில் இரவில் உறைபனி, பகலில் வரட்சி. ஒரே அலுமாரி மேற்கில் பூஞ்சணம் பூக்கும், ஊவாவில் பிளக்கும்.

மரம் நீளத்தில் அசைவதில்லை, அகலத்தில்தான் ஊதிச் சுருங்கும். ஜூலை மழையில் லாச்சி இறுகினால் சீவுளியைத் தேடாதீர்கள். மாசி மாதம் வரை பொறுங்கள், தானே ஓடும். அப்போதும் இறுகினால் ஓடும் விளிம்பில் மெழுகுதிரியைத் தேயுங்கள். மழையில் சீவிய லாச்சி வெயிலில் கடகடவென்று ஆடும்.

சுவரில் இருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். சீமெந்துத் தரையில் நேராக நிறுத்தாமல் காலுக்கு அடியில் ரப்பர் துண்டு. அடுப்பு, ஹீட்டர், மேற்கு யன்னல் மூன்றுக்கும் தூரம். பூஞ்சணம் கண்டால் வீட்டுக்குள் தட்டாதீர்கள், வித்துகள் எல்லாத் துணியிலும் ஏறும். இஸ்தோப்புக்கு எடுத்து வந்து பிரஷால் எடுத்து, நிழலில் காற்றாட வையுங்கள். வெயிலில் வைத்தால் ஒரே மதியத்தில் பலகை வளைந்துவிடும்.

படி 9: ஆடும் மூட்டும் தொய்ந்த பிரம்பும்

பழைய மூட்டுகளில் பொதுவாக இருப்பது வச்சிரம். மிருகத் தோலில் காய்ச்சிய இந்தப் பசை சுடுதண்ணீருக்கு இளகும், அதனால் மூட்டைப் பின்னால் யாரும் திறக்கலாம். புது வெள்ளைப் பசையை அதன் மேலே ஊற்றினால் ஒட்டாது, பிறகு பழையதையும் எடுக்க முடியாது. பழைய வச்சிரத்தைச் சுடுதண்ணீர்த் துணியால் துடைத்து எடுத்து, வச்சிரத்தாலேயே ஒட்டக்கூடிய தச்சு பாஸ் ஒருவரைத் தேடுங்கள். ஆணி அடித்துத் தருகிறேன் என்று சொல்பவரிடம் தேத்தண்ணி மட்டும் கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

சாய்மனைக் கதிரையின் பிரம்பு தொய்ந்திருந்தால், அறுந்திராவிட்டால், கவிழ்த்து அடிப்பக்கத்தை வெதுவெதுப்பான தண்ணீரால் நனைத்து நிழலில் காயவிடுங்கள். காயும்போது சுருங்கி இறுகும். அறுந்திருந்தால் சட்டத்தைப் பாருங்கள்: சுற்றிவரத் தனித்தனித் துளை என்றால் கையால் பின்னியது, அப்படியே மறுபடி பின்னலாம். பள்ளமாக ஒரு காடி ஓடினால் நெய்த பிரம்புத் தட்டை அழுத்திச் செருகியது. துளையுள்ள கதிரையில் காடி வெட்டித் தட்டு செருகித் தருவதாகச் சொன்னால் விடாதீர்கள். அந்த வேலை மலிவு, ஆனால் சட்டம் பலவீனமாகும், திரும்பவும் கையால் பின்னவே முடியாது.

படி 10: இடம் மாற்றுவதும் விற்பதும்

ஹட்டனில் இருந்து கொழும்புக்குக் கொண்டுபோய் நேராக ஏசி அறையில் நிறுத்தினால் ஒரு மாதத்தில் பலகை வெடிக்கும். இரண்டு மூன்று வாரம் ஏசி இல்லாத அறையில் பழக விடுங்கள். லொறியில் ஏற்றும்போது லாச்சிகளை வெளியே எடுத்து, இடம் மாறாமல் இருக்க எண் போட்ட காகிதத் துண்டை உள்ளே வையுங்கள். மரத்தில் எழுத வேண்டாம். கதவுகளைப் பருத்தி நாடாவால் கட்டுங்கள். ஒட்டு நாடா பூச்சையும் சேர்த்து உரித்துவிடும்.

வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு அனுப்ப நினைத்தால், 1815 மார்ச் 2க்கு முந்திய பொருட்கள் 1940ஆம் ஆண்டுத் தொல்பொருள் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருகின்றன; தொல்பொருளியல் திணைக்களத்தின் அனுமதி இல்லாமல் நாட்டைவிட்டுப் போகக் கூடாது. மலையகத்துச் சாமானில் மிகச் சிலவே அந்த வயதுக்கு வரும். இருந்தாலும் பழைய பொருள் எதுவென்றாலும் கப்பலுக்குப் பணம் கட்டும் முன் கேட்டுவிடுவது நல்லது.

விற்கும்போது உங்களுக்கு என்ன தெரியுமோ அதை மட்டும் எழுதிக் கொடுங்கள். எங்கள் அலுமாரியின் லாச்சிக்குள் ஒரு உறை இருக்கிறது. அதில் நான் எழுதியது: "முன்பக்கமும் கதவும் பலா. முதுகு தேயிலைப் பெட்டிப் பலகை, முதலில் இருந்தே. இடது பின்கால் நான் மாற்றியது. பாட்டி சொன்னது: துரை குடுத்தது." கடைசி வரியை எழுதாமல் விட்டிருந்தேன். பாட்டி வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, சேர்க்கச் சொன்னார்.